பொன்வண்டு இல்லாத கிடார்

என் ஆசை மாப்பிள்ளை சுடலைக்கு,

நாகலாபுரம் கோயில் கொடைத் திருவிழா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் கைவேலையை ஊரே சிரிக்கும்படி கேலி செய்தாய். அது நீ எனக்குச் செய்த அநியாயம். ஒன்பது வருஷமாகியும் நான் அதை மன்னிக்கவில்லை. நீ செத்துப்போனதால் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவும் வேண்டாம். நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய். நானும் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் பார்த்தவன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். ரிப்பேர் வேலை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிரித்தேன், பார்த்தேன், மாட்டினேன். நீ என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி. மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசித்தாய்.

ஐப்பசி அடைமழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடாரோடு வந்து நின்றாய். "அத்தான், உடம்புப் பக்கம் எந்தக் கட்டுல விரல் வச்சாலும் கம்பி உரசிக் கரகரங்குது. கம்பியத் தாங்குற பிரிட்ஜ இதுக்கு மேல தூக்க முடியல" என்றாய். உன் அக்கா உனக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். நான் கிடாரை வாங்கினேன்.

கோளாறு பார்த்தவுடன் தெரிந்தது. கழுத்து, அதாவது விரல் வைக்கும் கட்டுகள் பதித்த நீளக் கட்டை, வேண்டாத கோணத்தில் பின்னால் சாய்ந்திருந்தது. கம்பிகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, கழுத்தை எடுத்தேன். அது உட்காரும் குழியின் முன் ஓரத்தில், தீப்பெட்டிக்குப் பெட்டி செய்யும் மரச்சீவலில் ஒரு கீற்று வெட்டி வைத்தேன். எந்தப் பக்கம் வைத்தேன் என்று மறக்காமலிருக்க அதில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டேன். திரும்ப மாட்டியதும் நீ வாசித்தாய். ஒரு கரகரப்பு இல்லை. "அத்தான், நீங்க மெட்ராஸ்ல பொறந்திருக்கணும்" என்று நீதானே சொன்னாய்?

பங்குனியில் திரும்பி வந்தாய். மறுபடி இரைகிறது என்றாய். நான் கிடாரைத் தொடக்கூட இல்லை. "கழுத்துல தப்பில்லலே. உன் விரல்லதான் தப்பு. ஒழுங்கா அழுத்து" என்றேன். "ஒருக்கா கழத்திப் பாருங்களேன் அத்தான்" என்றாய். நான் மாட்டேன் என்றேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் நாகலாபுரம் கொடை. இரண்டாவது பாட்டிலேயே கம்பி இரைந்தது. முன்வரிசையில் யாரோ கூவினார்கள். நீ வாசிப்பை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தாய். "மன்னிக்கணும் அண்ணாச்சி! எங்க அத்தான் கிடாருக்குள்ள தீப்பெட்டியச் சொருகிட்டாவ. உள்ள பொன்வண்டு கெடக்கு, அதான் கத்துது!"

சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த கூட்டம் அது. சிரித்து அடங்க வெகுநேரமானது. உன் அக்காவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து ஆபீஸில் என் பெயர் பொன்வண்டு அண்ணாச்சி. இன்றைக்கும் டீக்கடையில் அதுதான் பெயர்.

பிறகு மதுரையில் பெரிய ஆள் ஒருவரிடம் கொடுத்து, என் மரச்சீவலைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சரிசெய்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னாய். நானும் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உன் அக்கா போனபோது வந்தாய். அவள் கால்மாட்டில் நீ, தலைமாட்டில் நான். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். யார் முதலில் பேசுவது என்று இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், இல்லையா?

இப்போது நடந்ததைக் கேள். போன வாரம் உன் வீட்டுக்காரி கனகா கிடாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். இந்தச் சித்திரையில் நாகலாபுரத்தில் உன் நினைவாக உன் கிடாரையே வாசிக்கப்போகிறார்களாம். புதிதாக வாசிக்க வந்தவர், இரைகிறது, இதை மேடையேற்ற முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"மதுரைக்குக் கொண்டு போம்மா. அங்கனதான பெரிய ஆளு இருக்கான்" என்றேன்.

"மதுரையும் இல்ல, மண்ணும் இல்ல" என்றாள். "அவிய இத எங்கயும் கொண்டு போனதே இல்லண்ணே. வருஷத்துக்கு ரெண்டு தடவ அவியளே உக்காந்து என்னமோ திருகுவாவ. ஒங்க ரெண்டு பேரு வீம்புக்கும் நடுவுல நான்தான் ஒரு கிறுக்கச்சி. பாக்கீங்களா, இல்ல தூக்கிட்டுப் போவட்டா?"

பார்த்தேன். கழுத்தைக் கழற்றினேன். குழியின் முன் ஓரத்தில் என் மரச்சீவல் அப்படியே இருந்தது. அம்புக்குறி கூட அழியவில்லை.

திரும்ப மாட்டி, ஒவ்வொரு கட்டாக மீட்டிப் பார்த்தேன். இரைச்சல் உடம்புப் பக்கத்தில் வரவில்லை. தலைப்பக்கம், முதல் நாலைந்து கட்டுகளில் வந்தது. அங்கே இரைந்தால் அது கோணத்தின் குற்றமல்ல. கழுத்துக்குள் ஓடும் இரும்புக்கோல் கழுத்தை அளவுக்கு மீறி நிமிர்த்திப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தலையிலிருந்த சின்ன மூடியைத் திறந்தேன். கோலைத் திருகும் மரையைச் சுற்றி மரத்தில் ஊசியால் கீறிய இரண்டு கோடுகள். ஒன்றின் பக்கத்தில் 'ஐ'. கால் சுற்று தள்ளி இன்னொன்று, 'ப'. ஐப்பசி, பங்குனி. மரை 'ஐ'யில் நின்றது. நீ கடைசியாகத் திருகியது மழைக்கு. பங்குனியில் தளர்த்த நீ இல்லை.

நான் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கரிசல் மண்ணில் வீடு கட்டியவன் நான். மழையில் கதவு இறுகும், கோடையில் சுவர் வாய் பிளக்கும். வருஷா வருஷம் கதவைச் சீவுகிறவனுக்கு, மழையில் சரிபார்த்த கழுத்து வெயிலில் காய்ந்து நிமிரும் என்று தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. எத்தனை கோடை திருகித் திருகிப் பார்த்துக் கண்டுபிடித்தாயோ? கண்டுபிடித்ததை ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை? நான் கத்துவேன் என்றா? கத்தியிருப்பேன்தான். அதற்காகச் சொல்லாமல் போவதா?

மரையை 'ப'வுக்குத் தளர்த்தினேன். கனகாவை ஊருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் கம்பிகளை மீட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லத் திரும்பினேன். வீட்டில் யாரும் இல்லை. உன் அக்கா இல்லை, நீ இல்லை. உலகத்தில் என்னை அத்தான் என்று கூப்பிட இனி ஒருவரும் கிடையாது. அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி ஆக வேண்டியவை. கிடாரை வெயில் படாமல் பெட்டியில் வைக்க வேண்டியது கனகா. கம்பி மாற்றுவதைத் தவிர வேறெதிலும் கை வைக்காமல் இருக்க வேண்டியது புதிதாக வந்தவர். நாகலாபுரம் மேடையில் முதல் பாட்டுக்கு முன்னால், இந்தக் கிடாருக்குள் பொன்வண்டு இல்லை, ஒரு மரச்சீவல் இருக்கிறது, அது சரியான இடத்தில் இருக்கிறது என்று அதே மைக்கில் சொல்ல வேண்டியது உன் குழுக்காரர்கள். இப்போது தீப்பெட்டியெல்லாம் அட்டையில் வருகிறது. அந்தச் சீவலை இனி மாற்றவும் முடியாது.

ஐப்பசியில் முறுக்கவும் பங்குனியில் தளர்த்தவும் வேண்டியது நான். கை நடுங்காத வரைக்கும் செய்வேன். நீ கீறிய கோடுகளுக்கு இந்தப் பக்கமும் போக மாட்டேன், அந்தப் பக்கமும் போக மாட்டேன். இது சத்தியம்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் வந்து கதவைத் தட்டியிருக்க வேண்டும். அதை நானும் செய்யவில்லை.

இப்படிக்கு,
கழுத்தின் கோணத்தில் தப்பே செய்யாத
உன் அத்தான்