கணக்கில் வராத சம்மதம்

மல்லேஸ்வரம்
12.2.2024

ஓஸ்வால்ட்டுக்கு,

நம் கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் நான் மனமாரச் சம்மதித்தேனா? திருச்சபையின் திருமணத் தீர்ப்பாயம் என்னிடம் இதைத்தான் கேட்கிறது. எனக்கு விடை தெரியவில்லை. போனில் பேசினால் இருவரும் கத்துவோம் என்பதால் எழுதுகிறேன்.

கோர்ட்டில் விவாகரத்து கேட்டீர்கள், கொடுத்தேன். முடிந்துபோனதை முடிந்தது என்று கோர்ட் சொன்னது. இப்போது நம் கல்யாணம் முதலிலிருந்தே செல்லாது என்று திருச்சபை சொல்ல வேண்டுமாம். என் அப்பா அடித்துத்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார் என்று மனு கொடுத்திருக்கிறீர்கள். அந்த அடியைப் பற்றி நான் சொன்னது என் கணவரிடம். தீர்ப்பாயத்திடம் அல்ல.

நம் மகனிடம் என்ன சொல்வது என்றும் யோசித்து வையுங்கள்.

பெர்னதெத்

பொம்மனஹள்ளி
16.2.2024

கிறிஸ்துவில் அன்புள்ள பெர்னி,

உடம்பு எப்படி இருக்கிறது? சுகர் பார்த்தாயா?

கோபப்படாமல் படி. நான் பொய் சொல்லச் சொல்லவில்லையே. உங்கப்பா பெல்ட்டால் அடித்தது நிஜம்தானே? கூடப் படித்த ஸ்ரீகண்டனைக் கட்டவிடாமல்தானே உன்னை என் தலையில் கட்டினார்? விளையாட்டுக்குச் சொன்னேன், விடு.

ரோஹனுக்கு ஒன்றும் ஆகாது. தீர்ப்பு எப்படி வந்தாலும் அவன் முறையாகப் பிறந்தவன்தான் என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

கோயிலில் கட்டிக்கொள்ள முடியாமல் மமதா என்னோடு இருப்பதால் ஈஸ்டருக்கு அவளுக்கு ஞானஸ்நானம் கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் என் முழங்காலைத் தாண்டிப் போகிறார்கள். அம்மா எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பயந்துதான் சொன்னேன் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் நலம் நாடும்
ஓஸ்வால்ட்

மல்லேஸ்வரம்
22.2.2024

ஓஸ்வால்ட்டுக்கு,

நாளை காலை என்னை விசாரிக்கிறார்கள்.

பயந்துதான் சொன்னேன். அது உண்மை. ஆனால் பொம்மனஹள்ளி வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருஷம், பீரோவை விட்டுவிட்டு என் எம்.ஏ. புத்தகங்களைத்தான் முதலில் கட்டில்மேல் ஏற்றினீர்கள். "உன் சொத்து இதானே" என்று சிரித்தீர்கள். அன்றுதான் நான் மனதுக்குள் சரி என்றேன். அதுவும் உண்மை. அதைச் சொன்னால் உங்கள் மனு விழுந்துவிடுமா என்று தெரியாது. விழுந்தால் விழட்டும். இரண்டையும் சொல்வேன்.

23.2.2024

கடிதத்தை நேற்று அனுப்பவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

விசாரித்த ஃபாதருக்கு ரோஹனைவிடப் பத்து வயது கூட இருக்கும். வேதாகமத்தின்மேல் கைவைக்கச் சொன்னார்.

"அன்னிக்குப் பயந்துதான் சம்மதிச்சீங்களாம்மா?"

"ஆமா ஃபாதர்."

மழை நாளைப் பற்றியும் சொன்னேன். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கோயிலுக்கு வந்து திரும்பச் சம்மதம் சொன்னீங்களா?"

"வீட்ல தண்ணி எறைச்சிட்டிருந்தோம் ஃபாதர்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அது கணக்குல வராதும்மா."

வராவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே உங்கள் கார் நின்றது. மமதா இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "தாங்க்ஸ் அக்கா" என்றாள். அவள் கை ஈரமாக இருந்தது. நீங்கள் இறங்கவில்லை. நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்து, மதியம் வகுப்பு எடுத்தேன்.

பெர்னதெத்