உங்கப்பா திருந்துனது

கண்ணுக்கு அம்மா எழுதறது,

போன்ல பேசுனா உங்கப்பா காதுல விழுகும். அதுதான் எழுதறேன்.

ரெண்டு வருசமா அவரு யாரு மேலயும் கை வெக்கலை. போன மாசம் பொங்கியண்ணன் ஊட்டுக்குப் போயி, வரப்புச் சண்டையில அடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டாரு. "நானே நெனச்சுத் திருந்திட்டேன்"னு கொழிஞ்சாம்பாறையில பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சந்தோசப்படறாரு.

அவரா திருந்தலை கண்ணு. கோபம் அடங்கறதுக்கு டாக்டர் எழுதுன மாத்திரையை, "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு அன்னிக்கே வீசிட்டாரு. அப்புறம் நாந்தான் வாங்கி, அவருக்குத் தெரியாமத் தினமும் மோர்ல கரைச்சுக் கொடுக்கறேன்.

நேத்து என்ற கையப் புடிச்சுட்டு, "இத்தனை நாள் எப்படிப் பொறுத்தே?"ன்னு அழுதாரு. எனக்கு அவரு மொகத்தைப் பாக்க முடியலை.

இப்பப் பேரனைப் பாக்க மூணாறுக்குத் தனியா வந்து பத்து நாள் இருக்கறேங்கறாரு. எருமை ஈனற சமயம், நான் கூட வர முடியாது. நெசத்தைச் சொன்னா மனுசன் ஒடிஞ்சு போயிருவாரு. சொல்லாம, மாத்திரையும் இல்லாம அனுப்புனா, உனக்கு ஒரு காது கேக்காமப் பண்ணுன கைதான் கொழந்தையத் தூக்கும்.

பத்து மாத்திரை இந்தக் கவருல வெச்சிருக்கறேன். இந்தப் பாவத்துல உன்னையும் சேக்க வேண்டாம்னு ரெண்டு தடவை வெளிய எடுத்தேன். மறுபடியும் உள்ளயே வெச்சுட்டேன்.

உன்ற அம்மா