மூடி மாறிய பெட்டிகள்

டீச்சர்,

உங்கள் பெயரை நான் முதன்முதலாகப் படித்தது ஒரு சுவரில். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாமல்லபுரம் வந்துவிட்டு, செங்கல்பட்டுப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எழுத்துக் கற்றுக்கொண்ட இந்த ஒன்றரை வருடமாக எங்கே காத்திருந்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. டீக்கடை விலைப்பலகை, டயர் கடை, பேருந்தின் பின்பக்கம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். பல் போன வாயில் முறுக்கை ஊறவைத்துத் தின்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.

ஒருவன் வாளியோடு வந்து சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போனான். துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் அறை ஞாபகத்துக்கு வந்தது. ஏனென்று யோசிப்பதற்குள் கண் படிக்க ஆரம்பித்துவிட்டது. 'கண்ணீர்' என்று ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அடுத்த வரியில் உங்கள் பெயர். அதற்கப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்.

அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது பயம்தான். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பன்னிரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தவன் நான். ஒரு நாள் மாமல்லபுரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த ஒரு நாள் இனி கிடையாது.

நீங்கள் எங்கள் செங்கல்பட்டுப் பள்ளிக்கு வந்தபோது நான் அங்கே அட்டெண்டர். மணி அடிப்பேன், தண்ணீர் பிடிப்பேன், கடைக்குப் போவேன். வாரம் மூன்று நாள் நீங்கள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து இறங்குவீர்கள். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு டீச்சர் என்பதே எங்களுக்குப் புதிது. உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த அறையைத் தலைமையாசிரியர் உங்களுக்கு ஒதுக்கினார். ரயில் பாதை பக்கம் இருக்கிற கடைசி அறை. மின்சார ரயில் போனால் சன்னல் கதவு பல்லைக் கடிக்கும்.

பெஞ்சுகளை நானும் துப்புரவு வேலை பார்த்த முனியம்மாவும் வெளியே தூக்கிப் போட்டோம். சத்தம் உள்ளே வராமல் இருக்க, கோணிச் சாக்கை இரண்டாக மடித்துத் தைத்து சன்னலில் தொங்கவிடச் சொன்னீர்கள். தரைக்குப் பாய். சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடியை என் நெஞ்சு உயரத்துக்கு அடித்துவிட்டுப் பெருமையாக நின்றேன். நீங்கள் பாயில் உட்கார்ந்து பார்த்தீர்கள்.

"அண்ணே, எனக்கே நெத்திதான் தெரியுது. புள்ளைங்களுக்கு இன்னா தெரியும், ஃபேனா?"

முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆணியைப் பிடுங்கி, பாயில் உட்கார்ந்தால் வாய் தெரிகிற அளவுக்குக் கீழே அடித்தேன்.

பிறகு பெட்டிகள். செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு நிறம், மூடிக்கு ஒரு நிறம் என்று கையில் கிடைத்த கலர் காகிதத்தையெல்லாம் ஒட்டினோம். அந்தப் பசையை முனியம்மாதான் காய்ச்சினாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நீங்கள் படங்கள் போட்டீர்கள். மூடியின் மேல் கறுப்பு மையில் ஓர் எழுத்து. உதட்டில் பிறக்கிற சத்தம் அலமாரியின் கீழ்த்தட்டில், நாக்கு நுனியில் பிறக்கிறது நடுத்தட்டில், தொண்டையில் பிறக்கிறது மேல்தட்டில். பிள்ளை ஒவ்வொரு தட்டாக ஏறி வரவேண்டும் என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது, டீச்சர்.

ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் மச்சானுடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். கையெழுத்தைப் படம் வரைவதுபோல வரையக் கற்றிருந்தேன். என் மனைவி ஒருத்திக்குத்தான் இது தெரியும். நீங்கள் கொடுக்கிற சாமான் பட்டியலைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். கடைக்காரரிடம் நீட்டி, "இதுல இருக்கிறத குடுப்பா" என்பேன். யாராவது காகிதத்தோடு என் பக்கம் நடந்து வந்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். பதினாறு வருடம் அப்படியே வியர்த்தது.

பிள்ளைகளில் அமுதாவை உங்களுக்கு மறந்திருக்காது. ஏழு வயது. பிளந்திருந்த மேலண்ணத்துக்கு அறுவை செய்த பிள்ளை. 'ப' என்று சொன்னால் காற்று மூக்கு வழியாகப் போய்விடும். அவள் உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டு ஒன்றைப் பிடிப்பீர்கள். அது அசைந்தால் நீங்கள் கை தட்டுவீர்கள். வாசலில் துடைப்பத்தோடு நிற்கும் முனியம்மாவும் தட்டுவாள். அமுதா அறைக்குள் வந்ததும் யாரையும் பார்க்காமல் நேராகக் கீழ்த்தட்டின் இடது மூலைக்குப் போய்த் தன் பெட்டியை எடுப்பாள். பந்து, பல், பூ. அந்தப் பெட்டி மடிக்கு வந்த பிறகுதான் வாய் திறப்பாள்.

நான்கு மாதம் ஆனது. அறை தொடரலாமா வேண்டாமா என்று பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார் என்றார்கள். எங்கள் பள்ளியில் அதிகாரி வந்தால் தோரணம் கட்டாமல் விட்ட வழக்கம் இல்லை. உங்கள் அறையோ மொட்டையாக இருந்தது. சுவரில் ஒன்றும் வேண்டாம், பிள்ளைகளின் கண் அங்கே போய்விடும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஆனால் முதல் நாள் சாயங்காலம் நீங்கள் பேருந்துக்குப் போனபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. பெருக்கி முடித்து முனியம்மா கிளம்பியிருந்தாள். கலர் காகிதத்தைக் கத்தரித்து ஃபேனைச் சுற்றித் தோரணம் கட்டினேன். அப்புறம் பெட்டிகளைப் பார்த்தேன். பச்சைப் பெட்டிக்குச் சிவப்பு மூடி, மஞ்சளுக்கு நீலம். அதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார்? பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று மூடிகளை மாற்றிப் போட்டேன். நிறம் பார்த்து அடுக்கினேன். பூச்சரம்போல இருந்தது. எழுத்துதான் மேலே இருக்கிறதே, படிக்கத் தெரிந்தவர்கள் எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினேன். எழுத்து தெரியாதவனுக்கு எழுத்தின்மேல் இருக்கிற நம்பிக்கை அது. மூடியில் இருக்கிற எழுத்துக்கும் உள்ளே இருக்கிற படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதுகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் உங்கள் பேருந்து தாமதம். நீங்கள் ஓடிவந்து நுழையும்போது அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலே தோரணம் சரசரவென்று ஆடியது.

"இது பேச்சு ரூமா, பர்த்டே ரூமா?" என்றார்.

அமுதா தன் மூலைக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே கிளி, குடை. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைத் திறந்தாள், அதுவும் இல்லை. நீங்கள் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தீர்கள், மேலே இருந்த எழுத்தைப் பார்த்து. அதற்குள் வேறு படங்கள். "சொல்லும்மா" என்றார் அதிகாரி. அவள் பாயில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு மாசத்துக்கு இதுதானா?" என்று எழுந்தார். நீங்கள் ஒரு மாதம் தவணை கேட்டீர்கள். கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு தலைமையாசிரியர் எங்களை நிற்கவைத்தார். "தோரணம் நான்தான் சார் கட்டினேன்" என்றேன். "பெட்டிய மாத்துனது யாருய்யா? மேல எழுதியிருக்குல்ல. எழுத்து தெரிஞ்சவன் எவனும் இத செய்ய மாட்டான்" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையில் என் வேலை, பிள்ளைகளின் சோறு, மச்சானின் சான்றிதழ் எல்லாம் கண்முன் வந்து நின்றன. பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"நேத்து சாயந்திரம் முனியம்மாதான் சார் பெருக்கினா."

அவளுக்கு எழுத்துத் தெரியாது என்று பள்ளி முழுக்கத் தெரியும். அதனால் யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் அவளைத் திட்டவில்லை. "கேட்டுட்டு செஞ்சிருக்கலாமே முனியம்மா" என்று மட்டும் சொன்னீர்கள். அவள் உங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்த, நான் எப்போ தொட்டேன்?" நான் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் அதிகாரி மறுபடி வந்தார். தோரணம் இல்லை. அமுதா எட்டுச் சொல் சொன்னாள். அறை பிழைத்தது. முனியம்மாவை மட்டும் அந்தக் கட்டடத்துக்குள் விடவில்லை. கழிப்பறைப் பக்கம் போட்டார்கள். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுவிட்டுக் கருங்குழிக்கு மகனோடு போய்விட்டாள்.

ஒரு நாள் நீங்கள் அமுதாவிடம் சொன்னதைக் கோணித் திரைக்கு வெளியே நின்று கேட்டேன். "தப்பா வந்தாலும் பரவால்ல கண்ணு, சத்தம் வரட்டும். வாய மூடிக்கினா நான் ஒண்ணும் பண்ண முடியாது." நுழைந்து சொல்லிவிடலாம் என்று கால் எடுத்தேன். ரயில் வந்தது. அது போய் முடிவதற்குள் என் தைரியமும் போய்விட்டது.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெருவில் நடக்கும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அங்கே 'ப' எழுதியபோது அவ்வளவு சந்தோஷம். இரவு சோறு தின்னும்போது தட்டில்கூட விரலால் எழுதினேன். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பீர்கள்.

சுவரில் உங்களைப் படித்த பிறகு, இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு கருங்குழிக்குப் போனேன். முனியம்மா வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். நேரம் ஆனது. அவள் காயை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப ஒனக்கும் ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது."

"அடப்பாவி! எம்புள்ள பம்பாய்ல இருந்தப்ப போட்ட லெட்டர ஒங்கைல குடுத்தனே. நல்லா கீறானாம், பொங்கலுக்கு வரானாம்னு படிச்சியே. அதுவும் பொய்யா?"

"அதுவும்தான்."

"பொங்கலுக்குப் பச்சரிசி வாங்கி வெச்சுக்கினு வழிய பாத்துக்கினு இருந்தேன் அண்ணாத்த." சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. "டீச்சரு சாவுற வரைக்கும் என்னத்தான நெனச்சுக்கினு இருந்திருக்கும்?"

அவரைக்காய் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"எழுது. முனியம்மா தொடலன்னு எழுது. பெருசா எழுது."

அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன்: முனியம்மா பெட்டிகளைத் தொடவில்லை. மூடிகளை மாற்றியவன் நான்.

"எம்பேரு எது?" என்று கேட்டாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "செத்தவங்களுக்கு எழுதி இன்னா புண்ணியம்? உசுரோட கீறவங்க கைல குடு" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று கேளம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். அப்பா எட்டாவது படித்தவர் என்று இத்தனை வருடமாக நம்பியிருப்பவள் அவள். தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடைசித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளங்கை வியர்த்து, பேனா வழுக்குகிறது. உள்ளே இரண்டாவது தாள் புரளும் சத்தம் கேட்கிறது, டீச்சர்.