ஜப்பான் சக்கரவர்த்தியும் ஒரு கட்டு வாழையிலையும்

என்னங்க, உங்களைத்தான்.

அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். வத்தக்குழம்பு கூடாது என்று மிரட்ட அங்கே டாக்டர் இருக்க மாட்டார். நாங்களும் நன்றாக இருக்கிறோம். பர் துபாயில் அதே பிளாட்தான். வெயில் தணிந்துவிட்டது, பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நித்யாவுக்கு வேலையில் நல்ல பெயர். பாதி நாள் ஆபீஸிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். ஒரு ஆளுக்கு என்ன சமையல் என்று நான் ரொட்டியும் பாலுமாக ஓட்டிவிடுகிறேன். திட்டாதீர்கள்.

பெரிய செய்தியைச் சொல்கிறேன். உங்கள் ஜப்பான் சக்கரவர்த்தி புத்தகம் முடிந்துவிட்டது. நீங்கள் விட்டுப்போன ஏழு நோட்டுகளையும் நித்யாதான் தட்டச்சு செய்தாள். "அப்பாவோட ஹேண்ட்ரைட்டிங் ஒரு தனி லாங்குவேஜ்மா" என்று தினமும் புலம்பல். ஆனாலும் ஒரு பக்கம் விடவில்லை.

கம்பெனியில் நீங்கள் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தபோது, சைட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜப்பான் இன்ஜினியர் சொன்ன கதையில் பிடித்ததுதானே இந்தப் பைத்தியம்? பழங்காலத்தில் ஜப்பானை ஆண்ட நின்டொகு சக்கரவர்த்தி ஒருநாள் உயரத்தில் ஏறி நின்று ஊரைப் பார்க்கிறார். எந்த வீட்டிலும் அடுப்புப் புகை எழவில்லை. ஜனங்களிடம் சமைக்க ஒன்றுமில்லை என்று புரிந்துவிடுகிறது. மூன்று வருடத்துக்கு வரியும் வேண்டாம், அரண்மனை வேலைக்கும் வர வேண்டாம் என்று உத்தரவு போடுகிறார். செப்பனிட ஆளில்லாமல் அரண்மனைக் கூரையே ஒழுகுகிறது. பாத்திரம் வைத்துப் பிடிக்கிறார்கள். கடைசியில் ஊரெங்கும் புகையைப் பார்த்துவிட்டு, இனி நமக்கு ஒரு குறையும் இல்லை என்று அரசியிடம் சந்தோஷப்படுகிறார்.

இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நம் வீட்டு ஏசி ஒழுகி நான் வாளி வைத்தால் போதும், உங்களுக்கு நின்டொகு வந்துவிடுவார். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றால் சக்கரவர்த்தியைக் கூப்பிடும் மனிதர் நீங்கள்.

எழுத்து மட்டும் அருமை. அரியணை உனக்குத்தான் என்று நின்டொகுவும் தம்பியும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க, காணிக்கை மீனோடு மீனவர் இரண்டு வாசலுக்கும் மாறி மாறி அலைந்து, மீன் அழுகியே போகிறதே, அந்த இடத்தில் நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அவர் வெட்டிய கால்வாய்க்கும், ஆற்றுக்குப் போட்ட கரைக்கும் படமே வரைந்துவைத்திருக்கிறீர்கள். சாவித்துவாரம் போன்ற அந்த மாபெரும் சமாதி, சுற்றிலும் அகழி, உள்ளே யாரும் போக முடியாது, உள்ளே இருப்பவர் அவர்தானா என்றே சந்தேகம். அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

ஒளித்தது ஒன்றைத்தான். ஏழு நோட்டிலும் அரசிக்கு இடமில்லை. புகை தெரிந்த நாளில் பக்கத்தில் நிற்கிறாள், அதோடு சரி. அவள் கதையை என்னிடம் சொன்னதே நீங்கள்தான். அரண்மனை விருந்தில் பரிமாற இலை பறித்துவர அவள் தூரதேசம் போயிருந்தபோது, அவளைக் கேட்காமலே இன்னொரு இளவரசியை அரண்மனைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார் உங்கள் உத்தமர். திரும்பும் வழியில் கேள்விப்பட்ட அரசி, படகிலிருந்த இலை அத்தனையையும் கடலில் கொட்டிவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

நீங்கள் ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாதா?

அப்போது நித்யாவுக்கு நாலு வயது. ஸ்கூல் லீவுக்கு அவளை அழைத்துக்கொண்டு கும்பகோணம் போயிருந்தேன். பிள்ளையார் சதுர்த்திக்கு என்று ஒரு கட்டு வாழையிலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன். நம் பிளாட் கதவைத் திறந்தால் ஹாலில் மூன்று பாய், மூன்று ஆண்கள், என் அடுப்பில் கோழி! குடும்பம் ஊருக்குப் போனால் பேச்சிலர்களுக்கு இடம் கொடுப்பது இந்த ஊரில் வழக்கம்தான். இவர்கள் இருந்த எதிர் பிளாட்டில் இரண்டு நாளாகச் சமையல் வாசனையே வரவில்லை என்று தட்டிப் பார்த்தேன், பில்டிங்காரர்கள் கேஸை நிறுத்திவிட்டார்கள், காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், பாவம் என்றீர்கள். பாவம்தான். போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வைத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். ஊரார் அடுப்பைப் பார்த்தவருக்கு, தன் வீட்டு அடுப்புக்காரியைக் கேட்கத் தோன்றவில்லை.

பெட்டியைப் போட்டது போட்டபடி, பிள்ளையையும் இலைக்கட்டையும் தூக்கிக்கொண்டு அப்ரா படகில் க்ரீக் கழியைக் கடந்து, அக்கரையில் தேராவில் என் சிநேகிதி பத்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இலையைத் தண்ணீரில் வீச எனக்கும் கை துடித்தது. அரசிக்கு முனிசிபாலிட்டி அபராத பயம் இல்லை, எனக்கு இருந்தது. சதுர்த்தியன்று பத்மா வீட்டில் அந்த இலையில்தான் சாப்பிட்டோம். ஒன்பதாம் நாள் நானாகவே வந்தேன். அவர்கள் வேறு ரூம் பார்த்துப் போயிருந்தார்கள். நீங்கள் காபி போட்டுக் கொடுத்தீர்கள். அதைப் பற்றி இரண்டு பேருமே அப்புறம் பேசவில்லை.

இப்போது பத்மா வீட்டில் நடக்கும் வாசகர் வட்டத்தில் உங்கள் புத்தகத்தை நானே படிக்க வேண்டும் என்றார்கள். அரசி இல்லாமல் படிக்க மாட்டேன், அவள் அத்தியாயத்தை நான் எழுதிச் சேர்க்கிறேன் என்றேன். நித்யா கோபத்தில் குதித்தாள்.

"இது அப்பாவோட புக்மா. நீ எப்படி எடிட் பண்ணலாம்? அவர் எழுதாம விட்டதுக்கு ஒரு ரீசன் இருக்கும்ல?"

"ரீசனே நான்தான்டி" என்று நடந்ததைச் சொன்னேன்.

"சரி. ஆனா அப்பாவால இப்ப பதில் சொல்ல முடியாதும்மா" என்றாள்.

அது என்னைத் தைத்தது. பதில் சொல்ல முடியாத மனிதரை, அவர் ஒளித்ததைப் படித்துக்காட்டி நாலு பேர் முன்னால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேனோ? எழுதாமல் விட்டால், அரசியை இரண்டாம் தடவை நானே வெளியே அனுப்பியதாகாதோ? ஒரு வாரம் உங்கள் போட்டோவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு எழுதிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை படித்தேன். சக்கரவர்த்தி தானே படகேறிப் போய் வாசலில் நின்றும் அரசி அவரைப் பார்க்கவில்லை, கடைசிவரை அரண்மனைக்குத் திரும்பவில்லை என்று முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். செல்வராஜ். அந்த மூன்று பேரில் ஒருவர், நம் ஹாலில் படுத்திருந்தாரே, அவர்தான். இப்போது குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "நீங்க கோவிச்சுக்கிட்டு வந்திருந்த அந்த ஒம்போது நாளும் அண்ணன் டூட்டி முடிஞ்சதும் அப்ரா ஏறி இங்கதான் வருவாரு. ஒருநாள் நானும் கூட வந்தேன். இந்த பில்டிங் கீழதான் நின்னாரு. மேல போய்க் கூப்பிடுங்கண்ணேன்னா, எந்த மூஞ்சியோட போவேன்னாரு. இந்த வீட்டு கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேனையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு. அது சுத்த ஆரம்பிச்சிச்சு. 'அடுப்பு எரியுது, அவளும் புள்ளையும் சாப்பிட்டுருவாங்க. யல்லா, போவோம்'னாரு. அவ்ளோதான்க்கா."

நான் தண்ணீர் குடிப்பதுபோல் பத்மாவின் சமையலறைக்குப் போய்விட்டேன். அந்த ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று அழுதேன், சிரிக்கவும் செய்தேன். அண்ணாந்து பார்க்கத் தெரிந்த மனிதருக்கு மூன்று மாடி ஏறத் தெரியவில்லையா? இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

என் அத்தியாயம் அப்படியே இருக்கும். உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் நியாயமானது, அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அச்சுக்குப் போகும் முன்னால் அடிக்குறிப்பு ஒன்று போட ஆசை. அரசி இருந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தினமும் படகேறிப் போய்ப் பார்த்தவரும் உண்டு, அவர் சக்கரவர்த்தி அல்ல, இந்தப் புத்தகத்தை எழுதியவர் என்று. நீங்கள் என்னைக் கேட்காமல் செய்தீர்கள். நான் உங்களைக் கேட்கிறேன். போடட்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்றோடு ரொட்டியும் பாலும் போதும். இனி ஒரு ஆளானாலும் சமைத்துத்தான் சாப்பிடுவேன், இது சத்தியம். சாயங்காலம் ஏழு மணிக்கு நம் வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றும். அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இலைக்கட்டோடு போய், தானாகத் திரும்பி வந்த
உங்கள் வீட்டுக்காரி,
கோமதி