பீப்பாய்க்கு விழுந்த அடி

பெப்ரவரி, ஞாயிறு இரவு

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தம்பி, ஒரு கிழமையாகத் தன் சின்ன நகரத்தின் புகழையே பாடிக்கொண்டிருக்கிறான். "பிள்ளையள் வளர அதைவிட நல்ல இடமில்லை அக்கா. ராவிலயும் கதவு பூட்டுறேல்லை." கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்.

இன்று நாங்கள் இருக்கும் டோஸ்ட்ருப் ஊர் மண்டபத்தில், இந்த நாட்டுப் பிள்ளைகளின் திருநாளான ஃபாஸ்டெலவ்ன் கொண்டாட்டம். வேடம் போட்ட பிள்ளைகள் மரப்பீப்பாயைத் தடியால் அடித்து உடைத்து, கொட்டும் இனிப்பைப் பொறுக்குவார்கள். முதல் அடி விழுந்ததுமே தம்பியின் ஆறு வயது மகள், என் சின்னவளை மேசைக்கடியில் இழுத்து அவள் வாயைப் பொத்தினாள். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தபடி குனிந்தேன்.

"கதைக்காதேங்கோ மாமி. அவனுக்குக் கேட்டிடும்."

"ஆருக்கு?"

அவள் சின்னவளின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினாள். தம்பிதான் சொன்னான்: "துவக்கோட ஆரும் சுட வந்தா ஒளிக்கிறதுக்குப் பள்ளிக்கூடத்தில பழக்கிறவை அக்கா. வகுப்பிலயே இவள்தான் கெட்டிக்காரி."

பெருமையாகச் சொன்னான்!

ஊரில் சண்டை நடந்தபோது, ஆமி வீதியால் போய் முடியும்வரை, வளவில் வெட்டிய பங்கர் குழிக்குள் அம்மா இப்படித்தான் தம்பியின் வாயைப் பொத்தி வைத்திருந்தார். அப்போது கைக்குழந்தை, இவனுக்கு எப்படி நினைவிருக்கும்?

மகளைக் கெட்டிக்காரி என்கிறான்.