மாலிக்குப் போன ஸ்பிரேயர்கள்

ஜூன் 3, 2004. வியாழன்.
கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. காலையிலேயே கரண்ட் இல்லை.
பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஸ்பிரேயர் கம்பெனி நடத்தும் கதிர்வேலு ஒரு பிரெஞ்சு அறிக்கை கொடுத்திருக்கிறார். மாலி நாட்டின் பொருளாதார விவரம். தமிழில் வேண்டுமாம். ஏப்ரலில் பள்ளிக்கூடம் பிரெஞ்சு டீச்சர் வேலையிலிருந்து என்னை நிறுத்திய பிறகு வரும் முதல் வேலை.
இதுவரை புரிந்தது: கடல் இல்லாத நாடு. பருத்தி, தங்கம், ஆடு மாடு. துறைமுகத்துக்குப் பக்கத்து நாட்டை நம்ப வேண்டும்.
பாதிச் சொற்கள் தெரியவில்லை. மாடி அறையில் குடியிருக்கும் ஈசாவைக் கேட்க வேண்டும். எம்.எஸ்ஸி. மாணவன், அந்த நாட்டுக்காரன்.

ஜூன் 7. திங்கள்.
ஈசா மூன்று மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். எங்கள் பேச்செல்லாம் பிரெஞ்சில். அவன் அண்ணன் அங்கே சிக்காசோ பக்கம் பருத்தி போடுகிறாராம்.
“சில பேரு இன்னும் இலைக்கொத்த பூச்சி மருந்துல முக்கி உதறுறாங்க மதாம். முதுகுல மாட்டற ஸ்பிரேயர் வந்தா எவ்ளோ நல்லது.”
டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுகிறான். பால் கார்டு புதுப்பிக்க வேண்டும்.

ஜூன் 12. சனி.
கம்பெனிக்குப் போனேன். ஷெட்டுக்குப் பின்னால் ஸ்பிரேயர் குவியல்.
“எல்லாம் திரும்பி வந்த சரக்கு டீச்சர்” என்றார் கதிர்வேலு. “அடியில கசியுது. விழுப்புரத்துல ஒருத்தனுக்கு முதுகு வெந்துபோச்சி. அங்க மாலியில வர்ற சரக்க யாரு சோதிக்கறாங்க? அறிக்கையில அது தெளிவா இல்ல. உங்க மாடியில இருக்கறவர கேளுங்க.”
“கசியறதயா சார் அனுப்பப் போறீங்க?”
“பெயிண்ட் அடிச்சிதான் அனுப்புவேன். ஏழை நாடு டீச்சர். திருப்பி அனுப்ப அவங்களுக்குக் கப்பல் கூலி ஏது?”
நான் கிளம்பும்போது சொன்னார்: “அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம உப்பளம் ஆபீசுக்கு வேலைக்கு வந்துடுங்க. நிரந்தரமா.”
மாலையில் ஈசாவைக் கேட்டேன். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்றான். எந்தச் சந்தையில் நன்றாக விற்கும் என்றும் கேட்காமலே சொன்னான். இரண்டையும் எழுதி மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கமாகச் சேர்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19. வியாழன்.
மழை. ஆபீசில் எனக்கென்று தனி மேசை போட்டுவிட்டார்கள்.
வீட்டுக்கு வந்ததும் ஈசா மாடியிலிருந்து ஓடிவந்தான். அண்ணன் போனில் பேசினாராம்.
“ஸ்பிரேயர் வந்துடுச்சி மதாம். பெட்டியில பாண்டிச்சேரின்னு போட்டிருந்துதாம். தம்பி இருக்கற ஊராச்சேன்னு ரெண்டு வாங்கிட்டாரு. ஒண்ணு அண்ணிக்கு.”
நல்லது என்றேன்.
சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மேசை நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 24. செவ்வாய்.
ஸ்பிரேயருக்கு நன்றியென்று ஈசா வேர்க்கடலைக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தொடவில்லை. அப்படியே குப்பையில். படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். எதற்காக என் வீட்டிலேயே நான் ஒளிய வேண்டும்.

ஆகஸ்ட் 29. ஞாயிறு.
சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஈசாவிடம் சொல்லிவிட்டேன். பிரான்சிலிருந்து தங்கை வருகிறாள், ரெண்டு நாளில் அறை வேண்டும். பொய்தான். அவள் கடிதம் போட்டே ஒரு வருடம்.
“நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மதாம்?”
“இல்ல.”
“ஒரு மாசம் குடுங்க. பரீட்ச இருக்கு. அண்ணனுக்கு வேற ஒடம்பு சரியில்ல. முதுகு பூரா கொப்புளமாம். மருந்து வீரியம் ஜாஸ்தின்னு சொல்றாங்க. ஏன்னு புரியல.”
எனக்குப் புரிந்தது. முடியாது என்றேன்.

ஆகஸ்ட் 31. செவ்வாய்.
முத்தியால்பேட்டையில் நாலு வீடு கேட்டானாம். ஆளைப் பார்த்ததும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். நண்பன் அறையில் தரையில் படுத்துக்கொள்வானாம். ஒரு பெட்டி, ஒரு அடுப்பு, புத்தக மூட்டை. ஆட்டோவில் ஏற்றிவிட்டுச் சாவி கொடுக்க வந்தான்.
“அண்ணிக்கும் கொப்புளம் வந்துடுச்சி மதாம்” என்றான்.
சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.