என் மகளின் களிம்பும் காப்பக ஆயாவின் குதிகாலும்

அனுப்புநர்:
சேர்க்கைப் பதிவேட்டு வரிசை எண் 34-இல் உள்ள குழந்தையின் தாயார்,
நூல்கட்டுப் பிரிவு, அரசு அச்சகம்.

பெறுநர்:
மண்டல ஆய்வு அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் பகல் காப்பகங்கள் துறை.

பொருள்: கரப்பான் என்னும் தோல் நோய் உள்ள நான்கு வயதுக் குழந்தையின் களிம்பைக் காப்பகப் பணியாளர் தம் காலுக்குப் பயன்படுத்தியமை – குழந்தைக்குப் புண் ஏற்பட்டமை – அப்புண்ணையே காரணம் காட்டிக் குழந்தையை நீக்கியமை – நீக்க அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: காப்பக நிர்வாகியின் 09.08.2024 நாளிட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் பதினாறாம் தேதி நடந்த ஒன்றை இன்று எழுதுவதற்காக முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். நிர்வாகம் தானாகவே வருந்தி ஒரு வார்த்தை சொல்லும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். நீக்க அறிவிப்புதான் வந்தது. அதன்பின் எழுதிய மூன்று மனுக்களை நானே கிழித்துப் போட்டேன். அவற்றைப் படித்த, என்னுடன் பணிபுரியும் அக்கா, "இது மனு இல்லடி, குழாயடிச் சண்டை. ஆபீசர் படிக்கிற மாதிரி எழுது" என்றார். ஆகவே இம்மனுவில் கூடியவரை பண்பான சொற்களையே கையாண்டுள்ளேன். எங்கேனும் நாகரிகம் குறைந்திருப்பின், நடந்த செயல் அத்தகையது என்று பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லாதவள். பதினான்கு ஆண்டுகளாக அச்சகத்தில் தாள் மடித்து, தைத்து, பசையிட்டு வருகிறேன். மடித்த தாள்களைப் படித்தே எழுதக் கற்றேன். பின்வரும் பத்திகளுக்குத் தேவைப்படுவதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

2. வீட்டில் வாலு என்று அழைக்கப்படும் என் மகளுக்கு, எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே எக்ஸிமா எனப்படும் கரப்பான் வந்தது. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து ஆகிய இடங்களில் தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும். இது சிரங்கு அன்று. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரமே குளிப்பாட்டி, பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் வாசனையற்ற வெள்ளைக் களிம்பைப் பூச வேண்டும். தையல் உறுத்தாதிருக்க உடைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி அணிவிக்கிறேன். அரிப்பு எடுத்தால் சொறியாமல் உள்ளங்கையால் தட்டப் பழக்கியிருக்கிறேன். வாலு சில சமயம் அழுதுகொண்டேயும் தட்டுவாள். நான்கு வயதில் இதைச் செய்யும் குழந்தையை நான் மதிக்கிறேன்.

3. கடந்த சனவரியில் அவளைக் காப்பகத்தில் சேர்த்தபோது, களிம்பு டப்பா ஒன்று, மூடியுள்ள பெட்டியில் எவர்சில்வர் கரண்டி ஒன்று, மதியம் செய்ய வேண்டியவற்றை எழுதி நானே தைத்துக் கட்டிய ஆறு பக்கக் கையேடு ஒன்று ஆகியவற்றை ஒப்படைத்தேன். டப்பாவில் விரல் படக்கூடாது; கரண்டியால் மட்டுமே எடுக்க வேண்டும் என்பது கையேட்டின் முதல் வரி. அப்போதிருந்த ஆயா அதை அப்படியே கடைப்பிடித்தார். என் மகளின் முழங்கை ஏப்ரல் மாதத்தில் மற்றக் குழந்தைகளின் முழங்கையைப் போலவே இருந்தது. மே மாதம் அவர் விலகினார். இப்போதுள்ள ஆயா வந்தார்.

4. நான்கு வாரம் வரவேண்டிய டப்பா சூன் மாதத்தில் ஒன்பது நாளில் தீர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து பார்ப்பது என் வழக்கம். களிம்பில் கரண்டியின் தடம் இல்லை. கட்டைவிரல் பள்ளங்கள் இருந்தன. அச்சகப் பசை வாளியில் பசை எடுக்கும் தகட்டை விட்டவர் யார், விரல் விட்டவர் யார் என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவள் நான். ஆயாவிடம் கேட்டேன். "உடம்பு பூரா பூசுறோம், தீராம என்னம்மா செய்யும்? வேணும்னா அளந்து குடுத்துட்டுப் போங்க" என்றார். நம்பினேன். அது என் பிழை.

5. சூலை 12, வெள்ளிக்கிழமை. அன்று வீட்டுக்கு வந்த டப்பா, நான் கொடுத்ததைவிட அதிகமாக, விளிம்பு வரை நிறைந்திருந்தது. திறந்தவுடன் ரோசாப்பூ வாசனை குப்பென்று வந்தது. என் மகளின் கழுத்து சுட்டெடுத்தது போல் சிவந்திருந்தது. "டப்பா களிம்பு கடிக்குதும்மா" என்றாள். பிறகு அவளாகவே, "ஆயா கால்லயும் பூசிக்கிறாங்க. அவங்களுக்கும் ஊறுதாம், பாவம். சொறியாதீங்க ஆயா, தட்டுங்கன்னு சொல்லிக் குடுத்தேன்" என்றாள். ஐயா, இவ்வரியை எழுதும்போது பேனாவை ஒருமுறை கீழே வைத்தேன்.

6. திங்கட்கிழமை புதிய டப்பா கொடுத்தனுப்பினேன். மறுநாள், அதாவது 16-ஆம் தேதி, மதிய உணவு இடைவேளையில் முன்னறிவிப்பின்றிக் காப்பகம் சென்றேன். குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். என் மகளின் பாயின் ஓரத்தில் ஆயா அமர்ந்து, ஒரு காலை மறு தொடையின்மேல் போட்டு, என் மகளின் எவர்சில்வர் கரண்டியின் விளிம்பால் குதிகால் வெடிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டியது பாயில் உதிர்ந்தது. பின்னர் அதே கையின் இரு விரல்களை டப்பாவுக்குள் விட்டு வழித்து, குதிகாலில் தேய்த்து, மீண்டும் டப்பாவுக்குள் விட்டார். நான் டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளைக் களிம்பில் கறுப்புத் துகள்களும், ஒரு நீண்ட தலைமுடியும், காய்ந்த தோல் செதில்களும் இருந்தன. இதைத்தான் என் மகளின் வெடித்த தோலில் நாள்தோறும் பூசியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நான்கு நாள் என்னால் வெறும் சோறுகூட உண்ண முடியவில்லை.

7. நிர்வாகி அம்மையாரிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். "ஒரு தேய்ப்புக்கா இவ்வளவு பேச்சு? அவங்களும் மனுஷிதானே! குறைஞ்சுபோச்சேன்னு போன வாரம் என்னோட நல்ல கிரீமைப் போட்டு நிரப்பிக் குடுத்தேன். அதுக்கு ஒரு நன்றி இல்ல. புள்ளைக்குச் சட்டையைக்கூட நேரா மாட்டத் தெரியல, புக்கு போட்டு எங்களுக்குப் பாடம் நடத்துறீங்க!" என்றார். நான் கட்டிய கையேடு அவர் மேசைமீது தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது.

8. அன்று மாலையே என் மகளின் முழங்கை மடிப்பில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டியது. சீழ் இருந்த நாட்களில் பிற குழந்தைகளின் நலன் கருதி, எவரும் சொல்லாமலே, 17 முதல் 22 வரை ஆறு நாட்கள் விடுப்பெடுத்து அவளை வீட்டில் வைத்துக்கொண்டேன். புண் முழுதும் ஆறிய பிறகே 23-ஆம் தேதி அனுப்பினேன். அசுத்தமான களிம்பும் வாசனைக் கிரீமும் காரணமாக இருக்கக்கூடும் என்று மருத்துவர் சான்றளித்துள்ளார். "கூடும்" என்று அவர் எழுதியது முறையே. அவர் கண்ணால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

9. திரும்பிச் சென்ற நாள் முதல் என் மகளைச் செருப்பு அலமாரிக்கு அருகில் தனியே அமர்த்துகிறார்கள். அவளுக்கு ஒட்டுநோய், அவள் தட்டைத் தொடக் கூடாது என்று நிர்வாகி அம்மையார் மற்றக் குழந்தைகளிடம் சொல்லியிருக்கிறார். இம்மாதம் 9-ஆம் தேதி, "தொற்று நோய் உள்ளதால்" செப்டம்பர் முதல் அவளைச் சேர்க்க இயலாது என்று அறிவிப்புக் கொடுத்தனர். அழுக்கை அவர்களே பூசிவிட்டு, அழுக்கு என்று அவளையே ஒதுக்குகிறார்கள். இப்போது அவள் வெயிலிலும் முழுக்கைச் சட்டை கேட்கிறாள். விருந்தினர் வந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். மூன்று ஆண்டுகளாக நாங்கள் தோலைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தோம். இதை எந்தக் களிம்பால் ஆற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

10. தங்கள் துறையின் காப்பக விதித் தொகுப்பு மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அச்சகத்தில்தான் கட்டப்பட்டது. அதன் விதி 17, ஒரு குழந்தையின் மருந்தை வேறு எவரும் பயன்படுத்தலாகாது என்கிறது. விதி 22, மருத்துவச் சான்றின்றி நோயைக் காரணம் காட்டி எக்குழந்தையையும் நீக்கலாகாது என்கிறது. காப்பகத்தில் உள்ள பிரதியை எடுத்துக் காட்ட முயன்றேன். அவ்விரு விதிகளும் உள்ள பக்கங்கள் ஓரத்தில் வெட்டப்படாமல் ஒட்டியே இருந்தன. வெட்டாமல் விட்டது எங்கள் பிரிவின் குறை, அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒருவரும் பிரித்துப் படிக்காதது அவர்களுடைய குறை.

11. ஆயாவைப் பணிநீக்கம் செய்யும்படி நான் கேட்கவில்லை. நாள் முழுதும் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்குக் குதிகால் வெடிக்கத்தான் செய்யும். அவருக்குச் செருப்பும், தனியாக ஒரு களிம்பு டப்பாவும் வாங்கித் தருவது நிர்வாகத்தின் கடமை. என் மகளின் டப்பா அவருக்கு உரியதன்று.

12. ஆகவே தாங்கள் நேரில் ஆய்வு செய்து, நீக்க அறிவிப்பை ரத்து செய்து, என் மகளை மற்றக் குழந்தைகளுடன் ஒரே வரிசையில் அமர்த்த ஆணையிட வேண்டும். அவள் மருந்துப் பெட்டியைப் பூட்டி வைக்கவும், கை கழுவிய ஒருவர் மட்டுமே அதைத் திறக்கவும் வழிசெய்ய வேண்டும். அவளுக்குத் தொற்று நோய் இல்லை என்பதை நிர்வாகி அம்மையார், எந்தக் குழந்தைகளிடம் மாறாகச் சொன்னாரோ அதே குழந்தைகள் முன்னிலையில், தம் வாயால் சொல்ல வேண்டும். இம்மூன்றிலும் கடைசியே எனக்கு முதன்மையானது.

டப்பாக்கள் இரண்டையும் உறையிலிட்டு இணைத்துள்ளேன். உணவு அருந்தும் முன் திறக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வேலை உண்டு; வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. செப்டம்பர் 2, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் மகளுடன் காப்பக வாயிலில் நிற்பேன். அவளை உள்ளே விடுவார்களா என்பதை அதற்கு முன் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விரைந்து பதில் தருக.

இணைப்பு: நீக்க அறிவிப்பு நகல், மருத்துவச் சான்று, களிம்பு டப்பாக்கள் (2), கரண்டி (1).

நாள்: 19.08.2024
இடம்: அச்சகக் குடியிருப்பு

இப்படிக்கு,
(கையொப்பம்)
வரிசை எண் 34 குழந்தையின் தாயார்